ஒரே பிளேன்... வேற வேற டிக்கெட்!

ஒரு சின்ன கணக்கோட ஆரம்பிக்கலாமா?

சென்னையில் இருந்து மும்பை போற ஒரு விமானம். 17-ஏ சீட்டில் என் ரூம்மேட். 17-பி-யில் நான். மும்பையில் இறங்கி, நள்ளிரவு தாண்டிக் கிளம்புற ஐரோப்பா விமானத்தை ரெண்டு பேரும் பிடிக்கணும். அதுவும் ஒரே விமானம்தான். ஒரே காலேஜ், ஒரே கிளாஸ், ஒரே ஜெர்மன் யூனிவர்சிட்டியில் ரெண்டு மாச இன்டர்ன்ஷிப். முதல் விமானம் மூணரை மணி நேரம் லேட். ரெண்டாவது விமானம் ரெண்டு பேருக்குமே மிஸ்!

விடை என்ன தெரியுமா? அவனுக்குப் புது டிக்கெட், ஹோட்டல் ரூம், சாப்பாட்டுக் கூப்பன். எனக்கு 23,600 ரூபாய் தண்டம்!

ஒரே பிளேன்ல போன ரெண்டு பேருக்கு எப்படி ரெண்டு விடை வரும்? அந்தக் கதைதான் இது. வெளிநாட்டுக்கு மேல்படிப்பு, இன்டர்ன்ஷிப்னு பெட்டி கட்டக் காத்திருக்கிற மகா ஜனங்களே, கொஞ்சம் காது கொடுங்க.

7,400 ரூபாய் புத்திசாலி

ரூம்மேட் எங்க ஊர் டிராவல் ஏஜென்ட் கிட்ட டிக்கெட் எடுத்தான். நான் விடுவேனா? நெட்ல நாலு ராத்திரி முழிச்சுத் தேடினேன். ஒரு வெப்சைட்ல அவன் போற அதே ரெண்டு விமானம், அதே தேதி, அதே நேரம். விலை மட்டும் 7,400 ரூபாய் கம்மி!

"மச்சி, ஏஜென்ட் உன்னை நல்லா ஏமாத்திட்டார்டா"ன்னு ஹாஸ்டல் முழுக்க தம்பட்டம் அடிச்சேன். அப்பா சீட்டு எடுத்துக் கொடுத்த பணத்துல 7,400 மிச்சம் பிடிச்ச பெருமை எனக்கு.

ஒரு கிளிக், ஒரு பேமென்ட், மெயில்ல ஒரு கன்ஃபர்மேஷன். ஆனா அதுக்குள்ள ரெண்டு பி.என்.ஆர் இருந்தது. உள்நாட்டு விமானத்துக்கு ஒண்ணு, வெளிநாட்டு விமானத்துக்கு ஒண்ணு. கீழே எறும்பு சைஸ் எழுத்துல 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்'னு போட்டிருந்தது. ஏதோ வசதி பண்ணிக் கொடுக்கிறாங்க போலன்னு நினைச்சேன். 'கனெக்‌ஷன் மிஸ் ஆனால் பாதுகாப்பு, 899 ரூபாய்'னு ஒரு கட்டம் டிக் ஆகியிருந்தது. அந்த டிக்கையும் எடுத்துவிட்டேன். நாமதான் உஷாராச்சே!

மீனம்பாக்கத்தில் பருப்புப் பொடி

முதல் அடி சென்னை ஏர்போர்ட்லயே விழுந்தது. என் பெட்டி 23 கிலோ. ரெண்டாவது விமானத்துல அவ்வளவு அனுமதி உண்டு. ஆனா முதல் விமானத்துல 15 கிலோதான். "மேடம், நாங்க வெளிநாடு போறோம்"னேன். "எங்களைப் பொறுத்தவரைக்கும் நீங்க மும்பைதான் போறீங்க"ன்னாங்க கவுன்டர்ல.

பக்கத்து வரிசையில ரூம்மேட் பெட்டி 19 கிலோ. அவங்க ஒண்ணுமே சொல்லல. அவன் டிக்கெட்ல மொத்தப் பயணத்துக்கும் 23 கிலோ! அவன் பெட்டியில நேரா கடைசி ஊர் பேர் போட்ட டேக் ஒட்டினாங்க. ரெண்டு போர்டிங் பாஸும் அங்கேயே கையில கொடுத்துட்டாங்க. என் பெட்டியில ஒட்டினது 'மும்பை'. போர்டிங் பாஸும் ஒண்ணே ஒண்ணு.

ஏர்போர்ட் தரையிலேயே பெட்டியைப் பிரிச்சேன். அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு எல்லாமா சேர்த்து நாலு கிலோ ரூம்மேட் பெட்டிக்கு இடம் மாறியது. மீதி நாலு கிலோவுக்குப் பணம் கட்டினேன். மிச்சம் பிடிச்ச 7,400-ல 2,200 அங்கேயே காலி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா கையசைச்சுட்டு இருந்தாங்க. நல்லவேளை, அவங்களுக்கு எதுவும் கேட்கல.

மும்பை வானத்தில் ஒரு ரங்கராட்டினம்

இரவு 8.40-க்குக் கிளம்பவேண்டிய விமானம். ஏதோ டெக்னிக்கல் கோளாறுன்னு சொல்லிச் சொல்லியே மணி 11.30 தாண்டிடுச்சு. நான் கவலைப்படல. மும்பையில 10.40-க்கு இறங்கி, 2.50 விமானத்தைப் பிடிக்கணும். நடுவுல நாலு மணி நேரம் இருக்கே, தாராளம்னு நினைச்சேன். அந்தத் தாராளம் நிமிஷத்துக்கு நிமிஷம் கரைஞ்சுட்டு இருந்தது.

மும்பைக்கு மேல போனா, கொட்டுற மழை. ஜூன் மாசம் ஆச்சே! மும்பை ஏர்போர்ட்ல ரெண்டு ரன்வே உண்டு. ஆனா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிட்டுப் போகும், பெருக்கல் குறி மாதிரி. அதனால நடைமுறையில ஒரு நேரத்துல ஒரு ரன்வேயைத்தான் பயன்படுத்த முடியும். ரெண்டு கோடிக்கு மேல ஜனங்க வாழுற பெருநகரத்தோட வாசல் அது! மழை வந்தா விமானங்கள் வானத்திலேயே வரிசை கட்டி வட்டமடிக்க வேண்டியதுதான். ஜன்னல் வழியா கீழே நகரத்தோட வெளிச்சம் மேகத்துக்குள்ள வந்து வந்து போச்சு. மத்த நேரமா இருந்தா அழகுன்னு சொல்லியிருப்பேன். அன்னிக்கு வாட்ச்சைத் தவிர எதையும் பார்க்கல.

சக்கரம் தரையைத் தொட்டப்போ மணி 2.05.

லிஸ்ட்ல பேர் இல்ல!

விமானத்தோட வாசல்லேயே ஒரு ஊழியர் நின்னார். கையில ஒரு அட்டை. அதுல என் ரூம்மேட் பேரோட இன்னும் மூணு பேர். 'இன்டர்நேஷனல் கனெக்‌ஷன்' கோஷ்டி. "உங்க விமானத்தைப் பிடிக்க முடியாது. வேற ஏற்பாடு பண்றோம், கூட வாங்க"ன்னார்.

நான் முன்னாடி போய் நின்னேன். "நானும் அதே விமானம்தான் சார்!"

அவர் லிஸ்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி லிஸ்ட்டைப் பார்த்தார். "உங்க பேர் இல்லையே. நீங்க மும்பை பாசஞ்சர். வந்து சேர்ந்துட்டீங்க!"

அவர் கோபமா சொல்லல, சிரிச்ச முகமாத்தான் சொன்னார். அவர் கம்ப்யூட்டர்ல என் பயணம் மும்பையோட முடிஞ்சது. அந்தப் பக்கம் இன்னொரு கம்ப்யூட்டர்ல நான் இன்னும் வந்தே சேராத ஆள். நடுவுல நான் எங்கே இருக்கேன்னு ரெண்டுக்குமே தெரியாது.

ரூம்மேட்தான் முதல்ல சுதாரிச்சான். "டேய், பேக் டேக்கை என் கிட்ட கொடு. என் பெட்டி எப்படியும் இங்கே வராது. உன் பெட்டியை நான் எடுத்துட்டு வரேன். நீ மேலே ஓடு!" அட்டை வெச்சிருந்த ஊழியர் கிட்ட "அஞ்சு நிமிஷம் சார்"னு கெஞ்சிட்டு அவன் பெல்ட் பக்கம் போனான். நான் ஓடினேன்.

மும்பை டெர்மினல்-2 நாலு மாடிக் கட்டடம். 2014-ல் திறந்தது. இறங்குறவங்க கீழே, கிளம்புறவங்க உச்சி மாடியில. உள்ளுக்குள்ளேயே ஏறிடலாம்னு பார்த்தா, நான்தான் 'வந்து சேர்ந்த' பாசஞ்சராச்சே? வெளியே போய், லிஃப்ட் ஏறி, மறுபடி வாசல்ல துப்பாக்கியோட நிக்கிற சி.ஐ.எஸ்.எஃப். வீரர் கிட்ட டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் காட்டி, புதுசா ஊருக்குப் போற ஆள் மாதிரி உள்ளே நுழையணும். உச்சி மாடியில மயில் தோகை மாதிரி விரியுற வெள்ளைத் தூண்கள் இருக்கு. அதைப் பார்க்கவே தனியா போகலாம். அன்னிக்கு அதுக்கு அடியில நான் ஓடினது எனக்கே ஞாபகம் இல்ல.

மணி 2.30. செக்-இன் கவுன்டர் 1.50-க்கே மூடியாச்சு.

"எந்த ஊரு தம்பி?"

டிக்கெட் கவுன்டர்ல ஒரே ஒரு அக்கா இருந்தாங்க. நான் மூச்சு வாங்க இங்கிலீஷ்ல உளறினதை அஞ்சு செகண்ட் கேட்டுட்டு, "எந்த ஊரு தம்பி?"ன்னாங்க. மாட்டுங்காவுல பிறந்து வளர்ந்த தமிழ்ப் பொண்ணு! எனக்கு அழுகையே வந்துடுச்சு.

டிக்கெட்டைப் பார்த்தாங்க. முகம் மாறுச்சு. "ரெண்டும் தனித்தனி டிக்கெட்டா? அந்த ஃப்ளைட் லேட்டானதுக்கு எங்க கம்பெனி எதுவும் பண்ண முடியாதே தம்பி. இன்னும் இருபது நிமிஷத்துல விமானம் கிளம்பிடும். அதுக்கு அப்புறம் நீ 'நோ ஷோ'."

"நோ ஷோன்னா இந்த டிக்கெட் போயிடுமாக்கா?"

"இது மட்டுமில்ல. போற டிக்கெட்டைப் பயன்படுத்தலைன்னா திரும்பி வர்ற டிக்கெட்டும் சேர்ந்தே ரத்தாகும்."

எனக்குத் தலை சுத்துச்சு. வரிசையா எல்லா விமானத்தையும் பயன்படுத்தணும், முதல்ல உள்ளதை விட்டா பின்னாடி உள்ளது செல்லாது. பெரும்பாலான டிக்கெட்ல இந்த விதி உண்டாம். அதாவது ரெண்டு மாசம் கழிச்சு ஊருக்குத் திரும்புறதுக்கும் டிக்கெட் கிடையாது!

"வழக்கமா வாங்கின ஏஜென்ட்டையே கேட்கச் சொல்வோம். ராத்திரி ரெண்டரைக்கு யாரைக் கேட்ப? விமானம் கிளம்பறதுக்குள்ள தேதியை மாத்திட்டா 'மாற்றம்' கணக்குல வரும். கிளம்பிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. மாத்தட்டுமா?"

மாத்துற கட்டணம், விலை வித்தியாசம் எல்லாம் சேர்த்து 23,600. என் கார்டுல இருந்தது 9,000 சொச்சம். அப்பாவுக்கு போன் பண்ணலாம்னு எடுத்தேன். ராத்திரி ரெண்டரை மணிக்கு போன் அடிச்சா அந்த மனுஷன் முதல்ல என்ன நினைப்பார்? கை நடுங்குச்சு.

அப்பதான் என் பெட்டியைத் தள்ளிக்கிட்டு ரூம்மேட் வந்தான். ஒரு வார்த்தை கேட்கல. கார்டை எடுத்து நீட்டினான். அக்கா பிரின்ட் எடுத்துக் கொடுத்தப்போ மணி 2.44. மறுநாள் ராத்திரி, அதே விமானம்.

விமானத்துக்கும் மொய் நோட்டு உண்டு!

அன்னிக்கு அந்த அக்கா சொன்னதும், அப்புறம் நான் தேடிப் படிச்சதும் சேர்த்துச் சொல்றேன்.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு தனியார் டவுன் பஸ் டைமிங்குக்காகச் சண்டை போடறதைப் பார்த்திருப்பீங்க. இந்த பஸ் டிக்கெட்டைக் காட்டி அந்த பஸ்ல ஏற முடியுமா? கண்டக்டர் இறக்கி விட்டுடுவார். ஆனா விமான உலகத்துல ஜென்மப் பகையாளிங்க கூட ஒருத்தர் டிக்கெட்டை இன்னொருத்தர் மதிக்கிறாங்க. இதுக்குப் பேர்தான் 'இன்டர்லைன்'.

1945-ல் கியூபாவோட ஹவானா நகரத்துல விமான நிறுவனங்கள் சேர்ந்து ஆரம்பிச்ச சங்கம்தான் ஐயாட்டா. உன் பயணியையும் பெட்டியையும் நான் ஏத்துக்கறேன், என்னோடதை நீ ஏத்துக்கோங்கிற ஒப்பந்தங்களுக்குப் பொது விதி போட்டது இந்தச் சங்கம்தான். பணம் எப்படிப் பிரியும்? அதுக்காக 1947-ல் 'கிளியரிங் ஹவுஸ்'னு ஒண்ணு வெச்சாங்க. நம்ம ஊர் மொய் நோட்டேதான்! நீ எனக்கு எவ்வளவு, நான் உனக்கு எவ்வளவுன்னு எல்லாத்தையும் எழுதிக் கழிச்சுட்டு, பாக்கியை மட்டும் கொடுத்தா போதும்.

முன்னாடி டிக்கெட்டுன்னா செக் புக் மாதிரி ஒரு சின்னப் புத்தகம். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தாள். 2008 ஜூன் 1-ம் தேதியோட ஐயாட்டா பேப்பர் டிக்கெட்டுக்கு டாட்டா காட்டிடுச்சு. ஆனா அந்தத் தாள் கணக்கு இன்னும் கம்ப்யூட்டருக்குள்ள உயிரோட இருக்கு. ஒரு டிக்கெட் நம்பருக்கு 13 இலக்கம். முதல் மூணு இலக்கம் டிக்கெட் கொடுத்த நிறுவனத்தைச் சொல்லும். ஏர் இந்தியாவுக்கு 098, லுஃப்தான்சாவுக்கு 220, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618. ஒரு நம்பருக்குள்ள நாலு விமானம் வரைக்கும் அடங்கும். ரூம்மேட்டோட போக ரெண்டு, வர ரெண்டு எல்லாமே ஒரே 13 இலக்கத்துக்குள்ள. போட்டிக் கம்பெனிங்க ரெண்டு பேரும் சேர்ந்து அவனைத் தூக்கிக்கிட்டுப் போறோம்னு கொடுத்த வாக்கு அது.

இதுக்கு அடுத்த படி 'கோட்ஷேர்'. ஓட்டுறது ஒருத்தர், அதே விமானத்துக்குத் தன் நம்பரைப் போட்டு விக்கிறது இன்னொருத்தர். அதுக்கும் அடுத்தது கூட்டணி. 1997-ல் ஸ்டார் அலையன்ஸ், 1999-ல் ஒன்வேர்ல்ட், 2000-ல் ஸ்கைடீம். நம்ம ஏர் இந்தியா 2014-ல் ஸ்டார் அலையன்ஸ்ல சேர்ந்தது. பக்கத்து வீட்டு ஸ்ரீலங்கன் அதே வருஷம் ஒன்வேர்ல்டுக்குப் போச்சு.

அப்போ என் வெப்சைட் பண்ணினது என்ன? சிக்கன விமானங்கள்ல பல இந்த மொய் நோட்டுக்கே வர்றதில்லை. அடுத்தவன் பெட்டியையும் பயணியையும் சுமக்கிறது செலவு, சிக்கல்னு ஒதுங்கிடுவாங்க. அந்த இடைவெளியிலதான் ஒரு புது வியாபாரம் முளைச்சது. 2012-ல் செக் நாட்டோட பர்னோ நகரத்துல ஆரம்பிச்ச கிவி டாட் காம் மாதிரி நிறுவனங்கள், ஒப்பந்தமே இல்லாத விமானங்களைக் கம்ப்யூட்டர் மூலமா கோத்து வித்தாங்க. 2017-ல் ஈஸிஜெட்டே லண்டன் கேட்விக் ஏர்போர்ட்ல போட்டியாளரான நார்வீஜியனோட விமானங்களை இப்படி இணைச்சு விக்க ஆரம்பிச்சது. தப்பான ஐடியா இல்லீங்க, விலை நிஜமாவே குறையும். ஆனா கனெக்‌ஷன் விட்டுப்போனா காப்பாத்தறதும் காப்பாத்தாததும் கோத்து வித்தவரோட கேரன்டியைப் பொறுத்தது. அந்தக் கேரன்டியைத்தான் நான் 899 ரூபாய்னு டிக் எடுத்துவிட்டேன்!

நம்ம ரயில்வேயே பரவாயில்ல. 2019 ஏப்ரல்ல இருந்து ரெண்டு பி.என்.ஆரை இணைக்கிற வசதி இருக்கு. முதல் ரயில் லேட்டாகி அடுத்த ரயிலை விட்டா, பயணம் செய்யாத பகுதிக்குப் பணம் திரும்பக் கேட்கலாம்.

யோசிச்சுப் பார்த்தா யார் மேலேயும் கோபப்பட முடியல. முதல் கம்பெனி என்னை மும்பைக்குக் கொண்டுவந்து விட்டுடுச்சு. ரெண்டாவது கம்பெனி சொன்ன நேரத்துக்கு விமானத்தை எடுத்துடுச்சு. நடுவுல இருந்த அந்த நாலு மணி நேரம்தான் யாருக்கும் சொந்தமில்லாம போச்சு. ரூம்மேட் கொடுத்த 7,400 ரூபாய், ஏஜென்ட் அடிச்ச கொள்ளை இல்ல. அந்த நடு நேரத்துக்கு ஒரு சொந்தக்காரரை ஏற்பாடு பண்ணின விலை.

மாட்டுங்கா இட்லியும் ஒரு ரகசியமும்

ரூம்மேட்டுக்குக் காலையிலேயே வேற ஒரு போட்டி நிறுவனத்தோட விமானத்துல இடம் கொடுத்தாங்க. "வேணாம் சார், நாளைக்கு நைட்டே போறேன்"னுட்டான். எனக்காகத்தான்னு ரெண்டு பேருக்குமே தெரியும். பேசிக்கல.

ஹோட்டல் ரூம் அவன் பேர்ல. நான் அதுல ஓசி கிராக்கி. சாப்பாட்டுக் கூப்பன் ஒண்ணு, வாய் ரெண்டு. மூணு மணி நேரம் தூங்கினோம். அவன் டிக்கெட்டோட பாதுகாப்புல நான் தூங்கினேன்னு சொன்னாத்தான் சரி.

மறுநாள் மழையிலேயே அந்தேரியில லோக்கல் ரயில் ஏறி மாட்டுங்கா ரோடு. கவுன்டர் அக்கா சொல்லி அனுப்பின ஊராச்சே! பூக்கடையில மல்லிகைச் சரம், வாசல்ல கோலம், காதுல தமிழ். கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துல கஃபே மெட்ராஸ் வாசல்ல வரிசையில நின்னு, இட்லியும் ஃபில்டர் காபியும். மழைத் தண்ணி குடையில இருந்து சாம்பார்ல விழ விழச் சிரிச்சோம். அங்கே வெச்சுத்தான் அப்பாவுக்கு போன் பண்ணினேன். முழுசா கேட்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "பணம் போனா போகுதுடா. அந்தப் பையன் சாப்பிட்டானா?"ன்னார்.

அன்னிக்கு ராத்திரி அந்த மயில் தோகைத் தூண்களை அண்ணாந்து பார்த்துக்கிட்டே நடந்தோம். திங்கட்கிழமை காலை 9 மணிக்கு ரெண்டு பேரும் லேப்ல இருந்தோம். பருப்புப் பொடியும் பத்திரமா வந்து சேர்ந்தது, அவன் பெட்டியில!

புக் பண்றதுக்கு முன்னாடி...

* பேமென்ட் ஒண்ணுங்கிறதால டிக்கெட்டும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. எல்லா விமானமும் ஒரே 13 இலக்க டிக்கெட் நம்பர்லயோ, தொடர் நம்பர்கள்லயோ வருதான்னு கேளுங்க.

* 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்'னு இருந்தா அர்த்தம்: பெட்டியை நீங்களே எடுக்கணும், மறுபடி நீங்களே கொடுக்கணும், மிஸ் ஆனா நீங்களே பார்த்துக்கணும். நடுவுல இறங்குறது வேற நாடா இருந்தா, அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம்.

* செக்-இன்ல பெட்டி டேக்கைப் படிங்க. கடைசி ஊர் பேர் இருக்கா? ஒரே டிக்கெட்டா இருந்தாலும், வெளிநாட்டுல இருந்து இந்தியாவுக்குள்ள வரும்போது வழக்கமா முதல்ல இறங்குற ஊர்லயே பெட்டியை எடுத்து கஸ்டம்ஸ் தாண்டணும்.

* லக்கேஜ் அளவை ரெண்டு விமானத்துக்கும் தனித்தனியா பாருங்க. எது குறைச்சலோ அதுதான் உங்க அளவு.

* தனித்தனி டிக்கெட்டுதான் கட்டுப்படியாகும்னா தாராளமா எடுங்க. நடுவுல நாலு மணி நேரம் வேணாம், ஒரு நாள் விடுங்க. சொந்தக்காரங்க இருக்கிற ஊரா இருந்தா இன்னும் நல்லது.

* முதல் விமானம் லேட்டானா, உடனே ரெண்டாவது நிறுவனத்துக்கு போன் பண்ணுங்க. விமானம் கிளம்பறதுக்கு முன்னாடி சொன்னா வழி இருக்கலாம். நான் சென்னையில உட்கார்ந்திருந்த மூணு மணி நேரத்துல ஒரு போன் பண்ணியிருந்தா அந்த ராத்திரி ஓட்டமே இருந்திருக்காது.

* ரூம்மேட்டைத் திட்டறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க. கார்டு அவன் கிட்டதான் இருக்கும்!